நான்கு முறை மாலை போட்டும் போகாத வெறுப்பு

கழுத்தில் துளசி மாலையும் இடுப்பில் பச்சை வேட்டியுமாக நின்றுகொண்டு, பெற்ற தகப்பனைப் பார்த்து 'இந்த மனுசன் ஏன் இன்னும் உயிரோடு இருக்கிறான்' என்று நினைத்தவன் நான். அடியார்கள் என்னை மன்னிக்க வேண்டும். முருகன் அருளால் நடந்த ஒரு காரியத்தைச் சொல்ல வந்துவிட்டு, அதில் என்னை நல்லவனாகக் காட்டிக்கொண்டால் அது அவனுக்கே பொறுக்காது. அதனால்தான் அசிங்கத்தை முதலில் சொல்லிவிட்டேன். இனி பயமில்லாமல் மிச்சத்தைச் சொல்லலாம்.

என் பெயர் பழனிச்சாமி. ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் சொந்த ஊர். அப்போது அது மதுரை மாவட்டம். எழுபதுகளில் நெய்வேலிக்கு வந்து, சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பிரிவில் ஃபிட்டராகச் சேர்ந்தேன். பர்மனென்ட் ஆனதும் பதினெட்டாம் பிளாக்கில் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. மனைவி சரோஜா, இரண்டு பெண் குழந்தைகள், வாசலில் ஒரு முருங்கை, பின்னால் இரண்டு வாழை. குறை என்று சொல்ல ஒன்றுமில்லை. செவ்வாய்க்கிழமை தோறும் எங்கள் பிளாக் முருகன் கோயிலில் பஜனை நடக்கும். அதற்கு நான்தான் தலைவர். குரல் சுமார்தான், சத்தம் மட்டும் அதிகம். ஓடுகிற பெல்ட்டுக்குப் பக்கத்தில் நின்று பேசிப் பேசி வந்த சத்தம் அது.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு ஐப்பசி மாதம். ஏ ஷிப்ட் முடிந்து இரண்டரை மணிக்கு வீட்டுக்கு வந்தால், வாசலில் தேய்ந்துபோன ஒரு டயர் செருப்பு கிடந்தது. உள்ளே என் நாற்காலியில் ஒரு கிழவர் உட்கார்ந்து, என் சின்ன மகளுக்கு விரலை மடக்கி நீட்டி ஏதோ வித்தை காட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார்.

"என்னடா பழனி, அடையாளம் தெரியலையா? நான்தாண்டா உங்கப்பன்."

எப்படித் தெரியும்? எனக்குப் பத்து வயதிருக்கும்போது, எஸ்டேட் வேலைக்கென்று கொடைக்கானல் மலை ஏறியவர் அவர். பிறகு இறங்கவே இல்லை. அங்கேயே வேறொரு பெண்ணோடு குடித்தனம் நடத்தினார், அந்த வழியில் பிள்ளைகளும் உண்டு என்று ஊர்க்காரர்கள் வந்து சொன்னார்கள். என் அம்மா பருத்திக் காட்டுக்கும் கத்தரித் தோட்டத்துக்கும் கூலிக்குப் போய் என்னை ஐ.டி.ஐ. வரை படிக்க வைத்தாள். குடிக்கிற தண்ணீருக்கு ஒன்றரை மைல் நடந்தாள். எனக்கு இங்கே வேலை பர்மனென்ட் ஆவதற்கு ஆறு மாதம் முன்னால் கண்ணை மூடிவிட்டாள். குழாயைத் திருகினால் தண்ணீர் கொட்டுகிற ஒரு வீட்டில் ஒரே ஒரு நாள்கூட அவள் இருக்கவில்லை.

இப்போது அந்த மலைக் குடித்தனத்துப் பெண்ணும் இறந்துவிட்டாளாம். அங்கே உள்ள பிள்ளைகள் கையை விரித்துவிட்டார்களாம். யாரிடமோ விலாசம் விசாரித்துக்கொண்டு நெய்வேலிக்கு வந்து இறங்கிவிட்டார். பெயர் காளிமுத்து. இதற்கு மேல் அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒன்றுமில்லை.

சரோஜா என்னைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டுச் சொன்னாள்: "வந்த மனுசரை வெளிய போங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரலைங்க. நீங்க வேணா சொல்லிப் பாருங்க."

எனக்கும் வரவில்லை. பாசத்தால் இல்லை. பஜனைத் தலைவர் அப்பனைத் துரத்திவிட்டார் என்று பிளாக் முழுக்கப் பேசுவார்களே என்ற பயம்தான்.

அவர் தங்கிவிட்டார். ஒரு வாரத்தில் பிளாக்கில் எல்லோருக்கும் செல்லமாகிவிட்டார். சைக்கிள் செயின் கழன்ற பிள்ளைகளுக்கு மாட்டிக் கொடுப்பார். ரேஷன் கடை வரிசையில் நின்று பெண்களைச் சிரிக்க வைப்பார். "உங்கப்பா தங்கமான மனுசர் சார்" என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்லும்போது நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். காலையில் பின்பக்கக் குழாயடியில் அரை மணி நேரம் குளிப்பார். ஏதோ பழைய நாடகப் பாட்டைப் பாடிக்கொண்டே குளிப்பார். அந்தத் தண்ணீர்ச் சத்தம் என் காதில் விழுந்தால் போதும், அம்மாவின் இடுப்பில் இருந்த குடம்தான் கண் முன்னால் வரும். ஒரு நாள் அந்த நினைப்பில் சவரம் செய்துகொண்டிருந்தபோது கன்னத்தை நன்றாகவே கீறிக்கொண்டேன்.

இந்த இடத்தில் என் பஜனைக் குழுவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அங்கே நானே ஏற்படுத்திய ஒரு சட்டம் இருந்தது. பாட்டு ஆரம்பிக்கும் முன் எல்லோரும் வட்டமாக நிற்க வேண்டும். கற்பூரத் தட்டைக் கைமாற்றி, ஒவ்வொருவரும் "என் மனசில் யார் மேலும் பகை இல்லை" என்று சொல்லிக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். நல்ல சட்டம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். எல்லோரும் சொல்லிவிட்டு நிம்மதியாகப் பாடினார்கள். ஒரே ஒருவர்தான் மாட்டிக்கொண்டார். கலியபெருமாள் என்று என்னோடு வேலை பார்த்த கான்ட்ராக்ட் தொழிலாளி. பக்கத்துக் கிராமத்துக்காரர். கற்பூரத் தட்டு அவர் கைக்கு வந்தபோது தலையைச் சொறிந்தார்.

"எனக்கு இருக்குதுங்களே. எங்க அண்ணன் மேல இருக்குது. பொய் எப்படிச் சொல்றது?"

நான் பெரிய மனுசன் மாதிரி, "அது தீர்ந்ததும் வாங்க கலியபெருமாள்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவரும் "சரிங்க" என்று போனவர்தான். அதன் பிறகு செவ்வாய்க்கிழமைகளில் கோயிலுக்கு வெளியே சைக்கிளை நிறுத்தி, கேரியரில் உட்கார்ந்தபடியே பாட்டைக் கேட்டுவிட்டுப் போவார்.

என் அப்பா வந்த பிறகு என் கைக்குத் தட்டு வரும்போது நானும் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். பகை இல்லை, பகை இல்லை என்று. மற்ற எல்லோரையும்விடச் சத்தமாகவும் சொன்னேன்.

ஐப்பசி கடைசியில் சரோஜாதான் முதலில் கவனித்தாள். அவர் நடக்கும்போது அடிவயிற்றின் ஒரு பக்கத்தைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே நடக்கிறார் என்றாள். கம்பெனி ஆஸ்பத்திரியில் தெரிந்த டாக்டர் ஒருவரிடம் காட்டினோம். அவர் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"குடலிறக்கம். ரொம்ப நாளா இருக்கு போலிருக்கே? சீக்கிரம் ஆபரேஷன் பண்ணிடணும் பழனிச்சாமி. குடல் உள்ளே போகாம மாட்டிக்கிச்சுன்னா உயிருக்கு ஆபத்து. உங்க மெடிக்கல் புக்குல இவர் பேரைச் சேத்துட்டு வாங்க, தேதி போட்டுடறேன்."

தொழிலாளி குடும்பத்துக்குக் கம்பெனி ஆஸ்பத்திரியில் இலவச வைத்தியம் கிடைப்பதற்கான புத்தகம் அது. அதில் பெயரைச் சேர்க்க ஒரு படிவம். 'மேற்படியார் என் தகப்பனார், என்னோடு வசித்து வருகிறார், என் பராமரிப்பில் இருக்கிறார், இது உண்மை' என்று எழுதி நான் கீழே கையெழுத்துப் போட வேண்டும். அவ்வளவுதான். அந்தக் காகிதத்தை வாங்கிக்கொண்டு வந்து சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தேன். எடுத்து எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை.

எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். மனதில் இவ்வளவு விஷத்தை வைத்துக்கொண்டு 'பராமரிப்பு' என்று எழுதினால் அது பொய்க் கையெழுத்து. பொய்க் கையெழுத்தில் நடக்கும் வைத்தியம் பலிக்காது. முதலில் வெறுப்பு போக வேண்டும், பிறகு சுத்தமான மனதோடு போடலாம். கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது! உண்மைக் காரணம் வேறு. அந்தப் புத்தகத்தில் என் அம்மாவின் பெயர் ஏறவே இல்லை. அவள் இருக்க வேண்டிய இடத்தில் இவர் பெயரை என் கையால் எழுத வேண்டுமா? இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, முருகனிடம்கூடச் சொல்லவில்லை.

கார்த்திகை பிறந்ததும் கோயிலுக்குப் போய் மாலை போட்டுக்கொண்டேன். இருபத்தொரு நாள் விரதம். விடியும் முன் பச்சைத் தண்ணீரில் குளியல், ஒரு வேளைச் சாப்பாடு, வெறுந்தரையில் தூக்கம், காலில் செருப்பு கிடையாது. சுரங்கத்தில் பூட்ஸ் இல்லாமல் இறங்க முடியாது என்பதால், கேட் வரைக்கும் வெறுங்காலோடு போய் அங்கே பூட்ஸை மாட்டிக்கொள்வேன். இதெல்லாம் பூசாரி சொன்னது. இதோடு நானாக ஒன்று சேர்த்துக்கொண்டேன். நடுவில் அப்பா மேல் வெறுப்பு வந்தால் மாலையைக் கழற்றிவிட்டு, முதல் நாளிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும். இருபத்தொரு நாள் வெறுப்பு வராமல் இருந்துவிட்டால், அன்றைக்கே படிவத்தில் கையெழுத்து. சரோஜாவிடமும் இதைச் சொல்லி வைத்தேன்.

'முருகா, இந்த வெறுப்பை என்னிடமிருந்து எடுத்துவிடு' என்று அழுது அழுது வேண்டினேன். முருகன் எடுத்தபாடில்லை.

முதல் மாலை ஆறாம் நாள் போனது. காரணம் குழாயடிப் பாட்டு. கழற்றிக் கோயிலில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு மறுபடி போட்டேன். இரண்டாவது மாலை பதினோராம் நாள் வரை தாங்கியது. அன்றைக்கு வாசலில் நாலு பெண்களை வைத்துக்கொண்டு, "எம்மவனை நான் வளத்த வளப்பு அப்படி, ஒரு கெட்ட பழக்கம் கிடையாது" என்று அவர் பெருமை அடித்துக்கொண்டிருந்தார். நான் அங்கேயே மாலையைக் கழற்றி முருங்கைக் கிளையில் தொங்கவிட்டுவிட்டு உள்ளே போனேன். மூன்றாவது மாலை இரண்டே நாள். மாலை போட்டவர்களைச் சாமி என்று கூப்பிடுவது வழக்கம்தானே? சின்னவன் பெரியவன் என்று பார்ப்பதில்லை. என் அப்பா என் எதிரில் வந்து, இரண்டு கையையும் கூப்பி, தலையைத் தாழ்த்தி, "சாமி, சாப்பிட வாங்க" என்றார். இந்த மரியாதையை இருபத்தாறு வருஷம் முன்னால் அம்மாவுக்குக் காட்டியிருக்கலாமே என்று தோன்றியது. மாலை கழன்றது.

பூசாரி அண்ணன் சலித்துக்கொண்டார். "பழனி, விரதம் இருந்தா பக்தனுக்குத்தான் கால் வலிக்கும்னு கேள்விப்பட்டிருக்கேன். உனக்கு மாலை போட்டுப் போட்டு எனக்கில்லப்பா கை வலிக்குது!"

சரோஜா நேரடியாகவே கேட்டாள். "கையெழுத்துப் போட அரை நிமிசம் ஆகுமா? அதுக்கு எதுக்குங்க இத்தனை நாள்? அவரு வீக்கத்தைப் பாத்தீங்களா?" நான் பார்க்கவில்லை. பார்த்தால் கோபம் வரும், கோபம் வந்தால் மாலை போகும் என்று அவர் இருக்கும் பக்கமே திரும்பாமல் இருந்தேன். அவரும் ஒரு நாள்கூட 'என்னடா ஆச்சு அந்தக் காகிதம்' என்று கேட்கவில்லை.

நான்காவது மாலை. அதிசயம் போல நாட்கள் ஓடின. பத்து, பன்னிரண்டு, பதினைந்து. குழாயடியில் பாட்டு நின்றுபோனது. அவர் இரண்டு செம்பு ஊற்றிக்கொண்டு வந்துவிடுவார். வாசலில் பேச்சுக் கச்சேரி இல்லை. நான் வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் பின் அறையில் படுத்தே கிடந்தார். என் கண்ணிலேயே படவில்லை. என் மனமும் அமைதியாக இருந்தது. முருகன் கண் திறந்துவிட்டான் என்று எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை பஜனையில், வெறுப்பை வெல்வது எப்படி என்று கால் மணி நேரம் சொற்பொழிவுகூட ஆற்றினேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பத்தொன்பதாம் நாள், மார்கழி நடுவில். ஏ ஷிப்ட் முடிந்து நானும் கலியபெருமாளும் ஒன்றாகச் சைக்கிளில் வந்தோம். தண்ணீர் குடித்துவிட்டுப் போகிறேன் என்று அவரும் வீட்டு வாசலில் இறங்கினார். உள்ளேயிருந்து சரோஜா அழுதுகொண்டே ஓடி வந்தாள்.

"காலையிலேருந்து வாந்திங்க. வயிறு கல்லாட்டம் இருக்கு. எட்டு நாளாவே வலிச்சிருக்கு, மூச்சு விடலை. இன்னைக்கும் உங்களுக்கு ஆளனுப்பக் கூடாதுன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டாருங்க."

பின் அறைக்கு ஓடினேன். அவர் சுருண்டு கிடந்தார். முகமெல்லாம் வேர்வை. என்னைப் பார்த்ததும், அந்த நிலையிலும், கையைக் கூப்பப் பார்த்தார்.

"சாமி... ஒண்ணுமில்ல. இன்னும் ரெண்டு நாள்தானே. உங்களுக்குக் கோவம் வந்தா மறுபடி கழட்டணுமே. நான் பொறுத்துக்கிருவேன்."

அடியார்களே, அந்த நொடியில் எனக்கு என்ன வந்திருக்க வேண்டும்? இரக்கம் வந்திருக்க வேண்டும். கதை என்றால் அப்படித்தான் எழுதுவார்கள். எனக்கு வந்தது வெறுப்பு. இருபத்தாறு வருஷத்தில் வராத அளவுக்கு வந்தது. நான் கத்திய கத்தல் பக்கத்து வீதி வரை கேட்டதாம்.

"உன்ன யாரு பொறுத்துக்கச் சொன்னா? பொறுத்துக்கறதுக்கு எங்கம்மா இருந்தா! அவ பொறுத்தது போதும்! நீ ஒண்ணும் பொறுக்க வேணாம், எந்திரி!"

கத்திக்கொண்டே அவரை இரண்டு கையாலும் தூக்கினேன். எடையே இல்லை. மாலை கழுத்தில்தான் இருந்தது. அதைக் கழற்ற வேண்டும் என்ற ஞாபகமே எனக்கு வரவில்லை.

என் சைக்கிள் கேரியரில் அவரை உட்கார வைத்து, கலியபெருமாள் பின்னாலிருந்து தாங்கிப் பிடித்துக்கொண்டார். நான் ஹேண்டில்பாரைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு ஓடினேன். ஆஸ்பத்திரி ஒன்றரை மைல் இருக்கும். நல்ல தார் ரோடு, இரண்டு பக்கமும் மரம். வெறுங்காலில் ஓடியதில் உள்ளங்கால் கிழிந்ததுகூடத் தெரியவில்லை. நடுவழியில் அவர் தலை என் தோளில் சாய்ந்தது. மூச்சு இருக்கிறதா என்று திரும்பிப் பார்க்கவும் பயமாக இருந்தது.

அப்போதுதான் வேண்டினேன். அதுவரை இத்தனை நாளாக வேண்டியது எல்லாம் வேண்டுதலே இல்லை என்று எனக்கு இப்போது தெரிகிறது. 'முருகா, எனக்கு இந்த ஆளைப் பிடிக்கவில்லை. எங்கம்மா இருக்க வேண்டிய வீட்டில் இவர் இருக்கிறார். எனக்கு வயிறு எரிகிறது. ஆனால் இவர் சாகக் கூடாது. என் வெறுப்பை நீ எடுத்தாலும் சரி, எடுக்காவிட்டாலும் சரி, அதைப் பிறகு பேசிக்கொள்ளலாம். இவரைக் காப்பாற்று.' இதைத்தான் சொன்னேன். வாய்விட்டே சொல்லியிருக்கிறேன். கலியபெருமாள் பிறகு சொன்னார்.

ஆஸ்பத்திரியில் யாரும் மெடிக்கல் புக் கேட்கவில்லை. பார்த்ததுமே ஸ்ட்ரெச்சரில் ஏற்றிவிட்டார்கள். அதே டாக்டர்தான் இருந்தார். "இத்தனை நாள் என்னய்யா பண்ணிக்கிட்டு இருந்தீங்க?" என்று என்னை ஒரு முறை முறைத்தார். ஆபரேஷனுக்குச் சம்மதம் என்று ஒரு காகிதத்தை நர்ஸ் நீட்டினாள். நோயாளியின் பெயர், கையெழுத்துப் போடுகிறவர் பெயர், என்ன உறவு. 'மகன்' என்று எழுதினேன். கோபம் கொஞ்சமும் குறையவில்லை. அந்தக் கோபத்தோடேயே கீழே கையெழுத்தும் போட்டேன். என் வாழ்நாளில் அவ்வளவு அழுத்தி நான் எங்கேயும் கையெழுத்துப் போட்டதில்லை. ஏற்றுக்கொண்டார்கள். 'சுத்தமான மனசோடு போட்டீங்களா' என்று யாருமே கேட்கவில்லை.

வராந்தாவில் நானும் கலியபெருமாளும் உட்கார்ந்திருந்தோம். சுவரில் பழனி ஆண்டவர் படம் போட்ட காலண்டர் மாட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. "கலியபெருமாள், நான் உங்களைக் குழுவிலேருந்து வெளியே அனுப்பினேனே, என்னைத்தான் முதல்ல அனுப்பியிருக்கணும். இந்த மாலையைப் போட எனக்குத் தகுதியில்லை" என்று கழுத்துக்குக் கையைக் கொண்டுபோனேன்.

அவர் என் கையைத் தட்டிவிட்டார். "சும்மா இருங்க சாமி. ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காதீங்க. அந்தப் பஜனைக்கு வெளிய சைக்கிள் மேல ஒக்காந்துகினு இதையேதான் நெனைச்சிக்கினு இருப்பேன். நம்ம முருகன் எதுக்குங்க வூட்ட வுட்டு மலைக்குப் போனாரு?"

நான் நிமிர்ந்து காலண்டரைப் பார்த்தேன்.

"பழத்தை அண்ணனுக்குக் குடுத்துட்டாங்கன்னு அப்பன் மேல கோச்சிக்கினுதானே போனாரு? கோவணத்தோட போய் நின்னுகினாரு. இன்னி வரைக்கும் எறங்கலை. அவரு ஒங்க வட்டத்துல வந்து நின்னு தட்டை வாங்கினா இன்னா சொல்லுவாரு? அவரையும் வெளிய அனுப்பிச்சிடுவீங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே ஆபரேஷன் நடக்கிறது, நான் வராந்தாவில் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாய்விட்டுச் சிரிக்கிறேன். போகிற நர்ஸ் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பாள். சின்ன வயதிலிருந்து எத்தனை ஆயிரம் தடவை கேட்ட கதை! என் பெயரே அந்த ஊர்ப் பெயர். கோபித்துக்கொண்டு நிற்கிற சாமியிடம் போய், என் கோபத்தைப் போக்கு என்று மூன்று மாலை கழற்றியிருக்கிறேன். அந்தக் கோபத்தோடுதானே அவன் கேட்டவருக்கெல்லாம் அள்ளிக் கொடுத்துக்கொண்டிருக்கிறான்? முதலில் இறங்கி வா, பிறகு கும்பிடுகிறோம் என்று நாம் யாராவது சொன்னோமா? நாமல்லவா படி ஏறிப் போகிறோம்!

சாயங்காலம் ஆறு மணிக்கு டாக்டர் வெளியே வந்தார். நல்ல நேரத்தில் கொண்டுவந்தீர்கள், குடல் பிழைத்துக்கொண்டது, ஆளும் பிழைத்துக்கொண்டார் என்றார். அங்கேயே தரையில் விழுந்து கும்பிட்டேன். காலண்டரைக் கும்பிட்டேனா டாக்டரைக் கும்பிட்டேனா என்று எனக்கே தெரியாது.

நான்காம் நாள், வார்டில் அவருக்குக் கஞ்சி கொண்டுபோனேன். அன்று காலைதான் மாலையை முறைப்படி கோயிலில் இறக்கிவிட்டு, படிவத்திலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தேன். ஒரு ஸ்பூன் கொடுத்தபோது சொல்லிவிட வேண்டும் போல இருந்தது.

"இங்க பாரு. எனக்கு உன் மேல இருக்கற வெறுப்பு போகலை. போகும்னும் தோணலை. சொல்லிட்டேன்."

அவர் கஞ்சியை விழுங்கினார். "தெரியும்டா. வீட்டுக்குள்ள காலை வெச்ச அன்னைக்கே தெரியும். அதுக்காகக் கஞ்சி இறங்காமலா போச்சு? உப்புத்தான் கொஞ்சம் கம்மி."

பக்கத்துக் கட்டில்காரர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். எனக்கு நினைவு தெரிந்து அவரோடு சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு என் வாழ்க்கை மாறியது. மாறியது என்றால் நான் சாந்த சொரூபி ஆகிவிடவில்லை. சரோஜாவைக் கேட்டால் சொல்வாள். ஆனால் வெறுப்பு வரும்போது திருடனைக் கண்டதுபோல் பதறுவதை விட்டுவிட்டேன். வந்தால், வந்திருக்கிறது என்று முருகனிடம் சொல்லிவிடுவேன். சில நாள் அவரிடமே சொல்வேன், "இன்னைக்கு என்கிட்ட பேசாத, எனக்கு மனசு சரியில்லை" என்று. அவரும் "சரிப்பா" என்று பேப்பரை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போய்விடுவார். சாயங்காலம் இரண்டு பேரும் சேர்ந்து டீ குடிப்போம். மறைத்து வைத்திருந்தபோது அது என்னையே ஆட்டி வைத்தது. சொல்லத் தொடங்கிய பிறகு ஜலதோஷம் மாதிரி வந்து வந்து போனது.

பஜனைக் குழுவில் கற்பூரத் தட்டுச் சட்டத்தை எடுத்துவிட்டேன். கலியபெருமாள் வீட்டுக்கு நானே போய், தவறு என் மேல்தான் என்று சொல்லிக் கூட்டிவந்தேன். "அண்ணன் மேல இன்னும் இருக்குதுங்க" என்றார். "எடுத்துக்கிட்டே வாங்க" என்றேன். வந்தார். பாடவும் பாடினார். தாளம் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். முன்பு அவரை வெளியே அனுப்பியபோது முருகன் ஏன் பேசாமல் இருந்தான் என்று இப்போதுதான் புரிகிறது என்று பூசாரி அண்ணன் கேலி செய்வார்.

அடுத்த வருஷம் பங்குனி உத்திரத்துக்குக் குடும்பத்தோடு பழனிக்குப் போனோம். அப்பா, நானும் வருவேன் என்று அடம் பிடித்தார். படி ஏற முடியாது, விஞ்சில் போகலாம் என்றால் கேட்கவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு, பத்துப் படிக்கு ஒரு தரம் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார். சந்நிதியில் கூட்டம் நெரித்தது. எனக்கு முன்னால் அவரை நிறுத்தி, யாரும் இடிக்காமல் இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டேன். தரிசனம் முடிந்து வெளியே வந்து பிராகாரத்தில் உட்கார்ந்தோம். அவர் கன்னமெல்லாம் ஈரம்.

"என்ன வேண்டிக்கிட்ட? என் கோவம் தீரணும்னா?" என்று கேட்டேன்.

இல்லை என்று தலையாட்டினார். "அது ஏண்டா தீரணும்? நீ ஒருத்தன்தான் அவளுக்காக என்கிட்டக் கோவப்படுற. அவளுக்குன்னு வேற யாரு இருக்கா? அது இருக்கட்டும்னுதான் கும்பிட்டேன். அதோட என்னையும் கடைசி வரைக்கும் உன் வீட்டுல இருக்க விடணும்னு கேட்டேன்."

நான் அவர் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். முப்பத்தேழு வயதுக்காரன், இரண்டு பெண் குழந்தைகளுக்கு முன்னால், அத்தனை கூட்டத்தில். அம்மா செத்தபோதுகூட நான் அப்படி அழவில்லை. அவர் என் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

அவர் கேட்டதையும் முருகன் கொடுத்தான். ஐந்து வருஷம் எங்களோடு இருந்து, எங்கள் வீட்டிலேயே, என் கையால் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். அன்று காலையிலும் எங்களுக்குள் ஒரு சின்னச் சண்டை நடந்தது.

இதைப் படிக்கிறவர்களில் யாரோ ஒருவர், என்னைப் போல, மனம் சுத்தமானதும் கோயிலுக்குப் போகலாம், பிரியம் வந்ததும் உதவி செய்யலாம் என்று நாளைத் தள்ளிக்கொண்டிருக்கலாம். ஐயா, அம்மா, தள்ளாதீர்கள். கோபமோ பொறாமையோ, உங்களிடம் எது இருக்கிறதோ அதையும் கையில் பிடித்துக்கொண்டே அவன் முன்னால் போய் நில்லுங்கள், இப்படித்தான் இருக்கிறேன் முருகா என்று சொல்லுங்கள். அவன் முகம் சுளிக்க மாட்டான். செய்ய வேண்டிய காரியத்தை அந்தக் கையாலேயே செய்ய வைப்பான். என் கையால் செய்ய வைத்தான்.